நூலுக்குள் மரை இருக்கிறதா? த்ரெட் என்ற சொல்லைப் பற்றி ஒரு பதில்

கேள்வி இதுதான்: "தையல் மெஷினில் கோர்ப்பதும் த்ரெட், போல்ட்டில் வெட்டியிருக்கும் மரையும் த்ரெட், கணினியில் ஓடுவதும் த்ரெட், பேச்சு விட்டுப்போனாலும் த்ரெட் போச்சு என்கிறார்கள். ஆங்கிலத்தில் சொல் பற்றாமல் ஒன்றையே எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டார்களா, இல்லை இவற்றுக்குள் உறவு ஏதும் உண்டா? தமிழில் எதற்கு எதைச் சொல்வது?" மேலே பார்த்தால் அகராதியைப் புரட்டினால் தீர்ந்துவிடும் சங்கதி. ஆனால் கேட்டவர் கடைசியில் "நூல் வழவழவென்று இருக்கிறது, அதில் மரை எங்கே?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அவருடைய உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. ஒரே பெயர் கொண்ட இரண்டு பொருள்களுக்குள் ஒரே வேலை நடக்கிறதா என்று கேட்கிறார். நூற்பாலை இயந்திரங்களைப் பராமரிப்பது என் தொழில். கையில் ஒரு பக்கம் நூல், மறு பக்கம் ஸ்பேனர் என்றே நாள் கழியும். அதனால் நூலையும் மரையையும் பற்றி அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சொல் வரலாற்றில் மொழியறிஞர்கள் ஒத்துக்கொண்ட அளவோடு நிற்கிறேன். கணினி என் துறை அல்ல, அதைச் சுருக்கமாகத்தான் தொடுவேன்.

முதலில் நூலைப் பிரித்துப் பாருங்கள். பருத்தித் தையல் நூலில் ஒரு சாண் நீளம் வெட்டி, இரண்டு முனைகளையும் விரல்களில் பிடித்து, முறுக்குக்கு எதிர்ப்பக்கமாக உருட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் அது இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும். அவை ஒவ்வொன்றும் ஒரு புரி. அதில் ஒன்றை மட்டும் எடுத்து இன்னும் முறுக்கு அவிழ்த்து, மெதுவாக இழுங்கள். அது "டப்" என்று அறுபடாது. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு பிரிந்துவிடும், இரண்டு முனையிலும் பஞ்சு மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு நிமிடம் முன்பு துணியைத் தாங்கிப் பிடித்திருக்கக்கூடிய பொருள் அது. ஒரு இழைகூட அறவில்லை, நீங்கள் எடுத்தது முறுக்கை மட்டும்தான்.

சாதாரணப் பருத்தி இழையின் நீளம் 25 முதல் 35 மில்லிமீட்டர்தான். 40ஆம் நம்பர் நூல் என்றால், 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை நிற்கும் என்று பொருள். கணக்குப் போட்டால் அரைக்கிலோவுக்கும் குறைந்த பஞ்சில் 30 கிலோமீட்டருக்கு மேல் நூல். மூன்று சென்டிமீட்டர் இழைகளைக் கொண்டு முப்பது கிலோமீட்டர்! பசை இல்லை, முடிச்சு இல்லை. குறுக்கே வெட்டினால் எந்த இடத்திலும் ஏறத்தாழ நூறு இழைகள் இருக்கும். ஒன்று முடியும் இடத்தில் பக்கத்தில் உள்ளவை தொடர்ந்துகொண்டிருக்கும், அவை முடிவதற்குள் வேறு சில தொடங்கியிருக்கும். இவற்றை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது உராய்வு. அந்த உராய்வை உண்டாக்குவது முறுக்கு.

எப்படி என்பதுதான் விஷயத்தின் உயிர். முறுக்கிய நூலில் ஒவ்வொரு இழையும் நேராகப் போகவில்லை, நூலின் மையத்தைச் சுற்றிச் சுருளாகப் போகிறது. சுருளாக இருக்கும் ஒன்றை இரண்டு பக்கமும் இழுத்தால் அது நேராகப் பார்க்கும். நேராக வேண்டுமானால் உள்ளே நெருங்க வேண்டும். உள்ளே ஏற்கெனவே மற்ற இழைகள் இருக்கின்றன. ஆகவே வெளியில் உள்ள இழை உள்ளே உள்ளதை அழுத்துகிறது, அழுத்தம் கூடினால் உராய்வு கூடுகிறது. எவ்வளவு பலமாக இழுக்கிறீர்களோ அவ்வளவு பலமாக நூல் தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது. அவிழ்க்க வருகிற விசையே இறுக்குகிற விசையாக மாறுகிறது. எத்தனையோ இயந்திர அமைப்புகளைப் பார்த்துவிட்டேன், இதைவிடச் சிக்கனமான ஒன்றை நான் கண்டதில்லை. குட்டையான நார்கள் நீளமான கயிறாகி எடை தாங்குவது எப்படி என்ற கேள்வியை கலிலியோ 1638இல் வெளிவந்த தன் நூலில் எடுத்துப் பேசுகிறார். முறுக்கில்தான் விடை இருக்கிறது என்று அவரும் காட்டுகிறார்.

சுற்றினால் உராய்வு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு கம்பத்தில் கயிற்றைச் சுற்றி ஒரு முனையில் எடையைத் தொங்கவிட்டு மறு முனையைக் கையால் பிடிப்பதாக வையுங்கள். உராய்வுக் கெழு 0.3 என்றால், ஒரு முழுச் சுற்றுக்குப் பிடிக்க வேண்டிய விசை ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். இரண்டு சுற்றுக்கு நாற்பதில் ஒரு பங்கு, மூன்று சுற்றுக்கு ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்கு. ஒவ்வொரு சுற்றும் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. நூலுக்குள் நடப்பது அச்சு அசலாக இதே கணக்கு அல்ல, அங்கே எல்லாமே ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருப்பதால் சிக்கல் அதிகம். ஆனாலும் சில சுற்றுகளுக்குள் வழுக்குதல் நின்று பிடிமானம் வந்துவிடுவதன் காரணம் இதுதான்.

அப்படியானால் முறுக்கு ஏற ஏற நல்லதா என்றால் இல்லை. ஓர் அளவு வரை பலம் கூடும், அதைத் தாண்டினால் குறையும். முறுக்கு அதிகமானால் இழைகள் சாய்வாகப் படுத்துவிடும். நீளவாக்கில் வரும் இழுவையைத் தாங்கும் திறன் குறைந்துபோகும். நூலும் விறைத்து, தளரவிட்டால் தன்மேலேயே சுருண்டு முடிச்சு விழும். அதனால்தான் நெசவில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கூடுதல் முறுக்கு, குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கும் பின்னலாடை நூலுக்கும் குறைந்த முறுக்கு. நூல் நூற்கும் இயந்திரமான ரிங் ஃப்ரேமில் நூல் அதிகம் அறுவது எங்கே என்று புதிதாக வருபவர்களிடம் கேட்டால், கீழே நூலை முறுக்கிச் சுற்றிக்கொள்ளும் ஸ்பிண்டிலைக் காட்டுவார்கள். முன் உருளையின் வாயைக் கவனியுங்கள். அங்கிருந்து இழைகள் ஒரு சின்ன முக்கோண நாடாவாக வெளியே வரும். கீழிருந்து ஏறி வரும் முறுக்கு அந்த முக்கோணத்தின் நுனியோடு நின்றுவிடும். முறுக்கு எட்டாத அந்தச் சில மில்லிமீட்டரில்தான் நூல் பலவீனம், பெரும்பாலான அறுப்பும் அங்கேதான்.

இப்போது போல்ட்டுக்கு வருவோம். ஒரு காகிதத்தைச் செங்கோண முக்கோணமாக வெட்டி, பென்சிலில் சுற்றுங்கள். சாய்ந்த ஓரம் பென்சில்மேல் சுருளாக ஏறும். அதுதான் மரை. சாய்தளத்தை உருளையில் சுற்றியது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். நூலில் ஓர் இழை போகும் பாதையும் இதே வடிவம்தான். பட்டறையில் டி.பி.ஐ. என்றால் ஓர் அங்குலத்தில் எத்தனை புரி, அதாவது மரையின் எத்தனை சுற்று என்று பொருள். நூற்பாலையிலும் டி.பி.ஐ. உண்டு, அங்கே ஓர் அங்குலத்தில் எத்தனை முறுக்கு என்று பொருள். எழுத்து ஒன்றாக அமைந்தது தற்செயல், அளக்கும் பொருள் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. 40ஆம் நம்பர் பாவு நூலுக்கு அங்குலத்துக்கு 26, 27 முறுக்கு வரும். கால் அங்குல போல்ட்டில் பருபுரி என்றால் அங்குலத்துக்கு 20, நுண்புரி என்றால் 28. எண்கள் இவ்வளவு நெருங்கி வருவதை முதலில் கவனித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

ஆனால் வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதிப் பதில்தான். அந்த நூலின் விட்டம் ஏறத்தாழ 0.14 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய உடம்பில் அங்குலத்துக்கு 26 சுற்று என்றால் வெளி இழை நூலின் அச்சிலிருந்து சுமார் 25 டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. அதாவது பெரும்பாலும் நீளவாக்கிலேயே போகிறது. 10 மில்லிமீட்டர் போல்ட்டில் ஒரு சுற்றுக்கு ஏற்றம் 1.5 மில்லிமீட்டர். அதன் மரை கிட்டத்தட்ட குறுக்காகவே கிடக்கிறது, குறுக்குக் கோட்டிலிருந்து வெறும் 3 டிகிரி சாய்வு. போல்ட்டில் பெரும்பாலும் ஒரே ஒரு புரிதான் தொடக்கம் முதல் கடைசி வரை சுற்றி வரும். நூலில் நூறு இழைகள் பக்கத்தில் பக்கத்தில் சுற்றுகின்றன. தண்ணீர் பாட்டில் மூடி அரைச் சுற்றுக்குள் இறுகிவிடுகிறதே, அதில் பல புரிகள் ஒரே நேரத்தில் தொடங்குவதால்தான். நூலை அப்படி நூறு தொடக்கம் உள்ள, செங்குத்தாக ஏறும் மரை என்று சொன்னால் வடிவியல்படி தவறில்லை. "மரை எங்கே?" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். நூலின் மேல் மரை இல்லை, நூலே மரைகளால் ஆனது.

வடிவம் மட்டுமா ஒன்று, பிடிமானத்தின் காரணமும் ஒன்றே. போல்ட்டை இறுக்கிவிட்டு ஸ்பேனரை எடுத்த பிறகு அது ஏன் தானாகத் திரும்பி வருவதில்லை? 3 டிகிரி சாய்வில் வழுக்கி இறங்க உராய்வு விடுவதில்லை. எஃகின்மேல் எஃகு வழுக்க வேண்டுமானால் சாய்வு 8, 9 டிகிரியாவது வேண்டும். நீங்கள் ஸ்பேனரில் போடும் பலத்தில் ஏறக்குறைய பாதி தலைக்கு அடியிலான உராய்விலும், நாற்பது சதவீதம் மரையின் உராய்விலும் போகிறது. போல்ட்டை இழுத்து விறைக்க வைப்பது மீதிப் பத்து சதவீதம்தான். வீண் என்று தோன்றும். அந்தத் தொண்ணூறு சதவீதம்தான் போல்ட்டைக் கழலாமல் பிடித்து வைத்திருக்கிறது. எண்ணெய் பூசி இறுக்கினால் அதே ஸ்பேனர் பலத்தில் போல்ட் அதிகமாக விறைப்பதும், சில சமயம் அறுந்தே போவதும் இந்தப் பங்கு மாறுவதால்தான். நூலிலும் போல்ட்டிலும் சுருளும் உராய்வும் சேர்ந்தே வேலை செய்கின்றன. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது உதவாது.

இரண்டுக்கும் நோய்கூட ஒன்றுபோல இருக்கிறது. நூலைத் தளரவிட்டால் அழுத்தம் போய், முறுக்கு ஓடி, இழைகள் வழுக்கத் தொடங்கும். போல்ட்டில் விறைப்பு குறைந்தால் உராய்வு குறையும். பக்கவாட்டு அதிர்வு சேர்ந்துகொண்டால் நட்டு தானாகவே சுழன்று கழலும். இதைச் சோதனை வைத்துத் தெளிவாகக் காட்டியவர் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர், 1969இல். ஸ்பிரிங் வாஷர் போட்டுவிட்டோம், இனிக் கழலாது என்று இன்னமும் நம்புகிறவர்கள் நிறையப் பேர். போதுமான விறைப்பு இல்லாத போல்ட்டை அந்த வாஷர் காப்பாற்றாது என்பதை அதிரும் இயந்திரங்களில் வேலை செய்பவர்கள் உணர்ந்திருப்பார்கள்.

முறுக்கின் திசை பற்றியும் சொல்லியாக வேண்டும், நடைமுறையில் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். நூலுக்கு எஸ் முறுக்கு, இசட் முறுக்கு என்று இரண்டு. நூலைச் செங்குத்தாகப் பிடித்தால் சுருள்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். எஸ் எழுத்தின் நடுக்கோடுபோல் சாய்ந்தால் எஸ், இசட் எழுத்தின் நடுக்கோடுபோல் சாய்ந்தால் இசட். வலம், இடம் என்று சொல்லாமல் எழுத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இந்த இரண்டு எழுத்துகளையும் தலைகீழாகப் பிடித்தாலும் அப்படியேதான் இருக்கும். நூலின் எந்த முனையை மேலே பிடித்தாலும் விடை மாறாது. வலம், இடம் என்றால் எங்கிருந்து பார்ப்பது என்ற தகராறு வந்துவிடும். நாம் வலம்புரி என்று போற்றும் சங்கை விலங்கியலார் இடச்சுருள் என்று வகைப்படுத்துவது அப்படிப்பட்ட தகராறுதான். பிடிக்கும் விதம் வேறு, அதனால் பெயரும் வேறு. சாதாரண போல்ட்டை நிமிர்த்திப் பிடியுங்கள், அதன் மரை இசட் பக்கமாகச் சாய்ந்திருக்கும். தையல் மெஷினுக்கான நூலிலும் கடைசி முறுக்கு பெரும்பாலும் இசட்தான். லாக் ஸ்டிட்ச் மெஷினில் கொக்கி சுழன்று தையல் விழும்போது நூலுக்கு ஒரு சுழற்சி கிடைக்கிறது. அது இசட் முறுக்கை இறுக்கும், எஸ் முறுக்கைத் தளர்த்தும். ஊசிக்காதுக்கு மேலே நூல் பிரிந்து பஞ்சாக விரிந்தால் டென்ஷனைத் திருகுவதற்கு முன் முறுக்கின் திசையைப் பாருங்கள். கைத்தையலுக்கோ பூவேலைக்கோ வந்த நூலை மெஷினில் மாட்டியிருக்கலாம்.

நூலும் மரையும் ஒன்றின்மேல் ஒன்றாக நேரில் சந்திக்கும் இடமும் உண்டு, தண்ணீர்க் குழாய். மரைமேல் சணல் நாரோ டெஃப்லான் டேப்போ சுற்றித்தான் குழாயைப் பொருத்துவார்கள். மரை எவ்வளவு இறுகினாலும் அதன் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு நுண்ணிய சந்து சுருளாகவே ஓடும், தண்ணீர் அந்தப் படியில் ஏறி வெளியே வந்துவிடும். அதை அடைக்கத்தான் நார். குழாயின் முனையை உங்களைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். அப்போதுதான் மேலே ஏறும் பகுதி நாரை அதே திசையில் இழுத்து இறுக்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் இரண்டாவது மரைக்குள்ளேயே நார் உரிந்து வெளியே தொங்கும்.

இனிச் சொல்லின் கதை. ஆங்கிலத்தின் த்ரெட் மிகப் பழைய ஜெர்மானியச் சொல், அதன் வேர் முறுக்கு, திருப்பு என்ற பொருள் கொண்டது. இதில் மொழியறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. இன்று எறிவதைக் குறிக்கும் த்ரோ என்ற ஆங்கில வினையும் அதே வேரிலிருந்து வந்ததுதான், அதன் பழைய பொருளும் முறுக்குவதே. பட்டு இழையை முறுக்கும் தொழிலையும், சக்கரத்தில் மண்பாண்டம் வனைவதையும் அந்த வினையால் இன்றும் குறிப்பிடுகிறார்கள். ஜெர்மன் மொழியில் கம்பியைக் குறிக்கும் ட்ராட் என்பதும் இதே குடும்பம். ஆகவே சொல் பிறந்தபோதே அதற்குள் முறுக்கு இருந்தது. திருகின் மரைக்கு இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில்.

ஐயத்துக்கு இடமான பகுதி இதற்கு அடுத்தது. மரைக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் வேரில் இருந்த முறுக்கை நினைத்துச் சூட்டினார்களா, குச்சியில் நூல் சுற்றியதுபோல் கண்ணுக்குத் தெரிவதால் சூட்டினார்களா? இதற்குச் சான்று காட்டி முடிவு சொல்ல முடியாது. நான் இரண்டாவதன் பக்கம். 17ஆம் நூற்றாண்டுக் கொல்லனுக்கு வேர்ச்சொல் ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்காது, கண்ணில் பட்டதைச் சொல்லியிருப்பான். பிரெஞ்சு மொழியில் மரைக்குப் பெயர் ஃபிலே, சிறு நூல் என்றுதான் அதற்குப் பொருள். அங்கே நூலைக் குறிக்கும் சொல்லின் வேரில் முறுக்கு இல்லை, ஆனாலும் மரைக்கு நூலின் பெயரே வந்திருக்கிறது. ஜெர்மன்காரர்கள் மட்டும் சுற்றுவது என்ற வினையிலிருந்து கெவிண்டெ என்று பெயர் செய்துகொண்டார்கள். ஆக, உறவு உண்மையானது, ஆனால் பெயர் வைத்தவர்கள் அதை அறிந்து வைத்திருக்க வேண்டும் என்று இல்லை.

சொல்லின் இன்னொரு கிளைக்கு முறுக்கோடு சம்பந்தமே கிடையாது. பேச்சின் த்ரெட், கதையின் த்ரெட் என்று சொல்லும்போது எடுத்துக்கொள்வது நூலின் தொடர்ச்சியை மட்டும். துப்பு என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் க்ளூ என்ற சொல் முதலில் நூல்கண்டைக் குறித்தது. சுழல்வழி மாளிகைக்குள் நூலை விட்டுக்கொண்டே போய் அதைப் பிடித்துத் திரும்பி வந்த கிரேக்கக் கதைதான் அதற்குப் பின்னால் இருப்பது. கணினியின் த்ரெட்டும் இந்தக் கிளைதான். ஒரு நிரலின் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறிக்கொண்டே போகும் ஒரு வரிசைக்கு அந்தப் பெயர். ஜெரோம் சால்ட்சர் 1966இல் எம்.ஐ.டி.யில் அளித்த ஆய்வேட்டில், இந்தச் சொல்லைத் தந்தவர் விக்டர் விசோட்ஸ்கி என்று குறிப்பிடுகிறார். ஒரே நிரலுக்குள் இப்படிப் பல வரிசைகள் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொண்டு ஓடலாம். இரண்டு வரிசைகள் ஒரே எண்ணை ஒரே நேரத்தில் எடுத்துத் திருத்தப் போனால் ஒன்றின் திருத்தத்தை மற்றது அழித்துவிடும். அதைத் தடுக்கப் பூட்டுப் போட்டால், ஒன்றுக்காக ஒன்று காத்து இரண்டும் நின்றுபோகும் அபாயம் உண்டு. நூலில் இழைகள் நெருங்க நெருங்கப் பலம். கணினியில் இவை ஒன்றையொன்று எவ்வளவு குறைவாகத் தொடுகின்றனவோ அவ்வளவு நிம்மதி. இந்த வகையில் பெயர் ஒன்றே தவிர குணம் நேர் எதிர்.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்ற பேச்சு வந்தால் தத்துவம் படித்தவர்கள் விட்கென்ஸ்டைனை இழுக்காமல் விடமாட்டார்கள். 1953இல் வெளிவந்த அவருடைய நூலில் அவர் சொல்வது: ஒரு சொல்லின் எல்லாப் பயன்பாட்டுக்கும் பொதுவான ஒரே குணம் இருக்க வேண்டியதில்லை. நூலின் பலம் அதன் நீளம் முழுதும் ஒரே இழை ஓடுவதில் இல்லை, பல இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து போவதில் இருக்கிறது. த்ரெட் என்ற சொல்லுக்கே இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் தொழில்காரனாக ஒரு திருத்தம் வைக்க விரும்புகிறேன். அவர் சொன்னது பருத்தி, கம்பளி போன்ற குட்டை இழை நூலுக்குச் சரி. பட்டில் ஒரே கூட்டிலிருந்து வரும் இழை பல நூறு மீட்டர் அறாமல் ஓடும். துண்டாக வெட்டாமல் விடும் நைலான், பாலியெஸ்டர் இழைகளில் அறாத நீளத்துக்குக் கணக்கே இல்லை. அவற்றில் முறுக்கு இல்லாமலும் பலம் உண்டு, முறுக்குவது இழைகள் விரியாமல் கட்டுக்கோப்பாக இருப்பதற்குத்தான்.

தமிழுக்கு வருகிறேன். நூல் என்பது நமக்குத் தையல் நூலும் புத்தகமும். 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் இந்த இரண்டையும் சேர்த்தே பேசுகிறது. சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூற்கும் பெண், வாயே கை, அறிவே கதிர் என்று அங்கே ஒரு பாட்டு. அடுத்த பாட்டில் தச்சன் மரத்தின் கோணலைத் தீர்க்கப் பிடிக்கும் நூல் வருகிறது, புத்தகம் மனத்தின் கோணலைத் தீர்க்கும் என்று. முதல் பாட்டில் நூலின் ஆக்கம், இரண்டாவதில் நூலின் நேர்மை. "நூல் பிடித்தாற்போல்" என்று இன்றும் சொல்வது இரண்டாவது பொருளில். கட்டடத்திலும் தச்சுப் பட்டறையிலும் நூல் ஓர் அளவும்கூட, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அரை அங்குலக் கம்பியை நாலு நூல் கம்பி என்பது அந்தக் கணக்கில்தான்.

கேட்டவருக்கு நான் அதிகம் பரிந்துரைப்பது புரி என்ற சொல்லை. புரி என்றாலே முறுக்கு, சுருள். மூன்று புரிக் கயிறு என்கிறோம், பாடப் புத்தகத்தில் திருகுபுரி என்கிறோம், சங்கின் சுருளுக்கும் அதுவே. ஆங்கிலத்தில் த்ரெட் செய்யும் இரண்டு முக்கிய வேலைகளையும், நூலின் முறுக்கு, மரையின் சுருள் இரண்டையும், வேரோடு சேர்த்துத் தாங்கும் சொல் நம்மிடமே இருக்கிறது. அதனால் பொறியியல் எழுதும்போது வலப்புரி, இடப்புரி, பருபுரி, நுண்புரி என்றே தாராளமாக எழுதலாம். மரை என்பதும் நல்ல சொல்தான், ஆனால் சிலர் அதை நட்டுக்கும் சொல்வதால் வரைபடத்தில் குழப்பம் வரும், எதைக் குறிக்கிறீர்கள் என்று ஒருமுறை சொல்லிவிட்டு எழுதுங்கள். முறுக்குவதற்கு முன் இருப்பது இழை, முறுக்கிய பின் நூல், பல நூல் சேர்த்து முறுக்கியது சரடு என்று வைத்துக்கொண்டால் நெசவுப் பக்கம் சிக்கல் இல்லை. கணினிக்கு இழை என்று ஏற்கெனவே பலர் எழுதுகிறார்கள், வேறு சொல் தேட வேண்டாம். பட்டறையில் சாமான் கேட்கும்போது மட்டும் த்ரெட் என்றே சொல்லி, எத்தனை மில்லிமீட்டர், என்ன பிட்ச் (அடுத்தடுத்த புரிகளுக்கு இடையிலான தூரம்), வலப்பக்கமா இடப்பக்கமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எரிவாயு சிலிண்டரின் இணைப்புகளும், மிதிவண்டியின் இடது பெடலும், இரட்டைக் கிரைண்டரின் இடப்பக்க நட்டும் பொதுவாக இடப்புரி. அவற்றை வழக்கமான திசையில் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகி, புரிதான் மழுங்கும்.